பெட்ரோல் நெடியும் என் மசக்கையும்

கல்யாணமான இரண்டாம் வருஷம் என் கணவர் ஒரு பழைய மோட்டார் கார் வாங்கினார். அப்போது அவர் ஜூனியர் வக்கீல். மயிலாப்பூரில் எங்கள் வீடு மாமனார், மாமியார், மைத்துனர்கள், அவர்கள் குழந்தைகள் என்று எப்போதும் இரைச்சலாக இருக்கும். நானும் அவரும் நாலு வார்த்தை தனியாகப் பேசிக்கொள்ள அந்தக் காரை விட்டால் வேறு இடம் கிடையாது. சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்து காபி குடித்ததும் "கிளம்பலாமா?" என்று கண்ணாலேயே கேட்பார். சாந்தோம் வழியாக அடையாறு பாலத்தைத் தாண்டிப் போய் ஒரு மரத்தடியில் நிறுத்துவார். அங்கே ஒரு சிகரெட் பற்றவைப்பார். வீட்டில் யாருக்கும் தெரியாத சிகரெட் அது. நான் காலை நீட்டிக்கொண்டு, சமையலறையில் அன்று நடந்ததையெல்லாம் சொல்லித் தீர்ப்பேன்.

நான் உண்டாகியிருந்தபோதுதான் அந்த நெடி வந்தது. காரில் ஏறி உட்கார்ந்தாலே பெட்ரோல் குப்பென்று மூக்கில் ஏறி வயிற்றைப் புரட்டும்.

"பெட்ரோல்ல ஓடற வண்டி மல்லிப்பூ வாசனையா அடிக்கும்?" என்று அவர் சிரித்தார். ஆனாலும் எனக்காக ஒரு பட்டறைக்கு ஓட்டிப்போய்க் காட்டினார். எஞ்சினையும் குழாயையும் தடவிப் பார்த்துவிட்டு, எங்கேயும் கசிவு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாளே சாந்தோமில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, தெருவோரத்தில் வாந்தி எடுத்தேன்.

மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மசக்கையிலே அப்படித்தான் இருக்கும். எனக்குச் சாதம் கொதிக்கிற வாசனையே ஆகாது. குழந்தை பொறக்கற வரைக்கும் மோட்டார் சவாரியெல்லாம் வேண்டாம்."

அதோடு எங்கள் சாயங்காலங்கள் போயின. அவரும் தனியாகப் போகப் பிடிக்காமல் முன்னறையில் கேஸ் கட்டுகளோடு உட்கார்ந்துவிடுவார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் தேடினோம்.

ஐந்தாம் மாதம் பிறந்ததும் மசக்கை விட்டது. கடுகு தாளிக்கிற வாசனை, காபி வறுக்கிற வாசனை எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கார் நிற்கும் கொட்டகைப் பக்கம் போனால் மட்டும் அதே நெடி. ஒருநாள், அவர் காரில் கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போய்வந்த உடுப்புகளைச் சலவைக்குப் போட எடுத்தேன். கோட்டில் வாசனை இல்லை, சட்டையில் இல்லை. கால்சட்டையை எடுத்ததும் குமட்டியது. அதிலும் பின்பக்கம் மட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய்க் கால்சட்டையை நீட்டினேன்.

"ஏன்னா, இதை மோந்து பாருங்கோ. பெட்ரோல் கையிலே பட்டா சரி. உட்கார்ற இடத்துல எப்படி வரும்?"

மோந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. நேரே கொட்டகைக்குப் போய் முன் ஆசனத்தின் மெத்தையைத் தூக்கினார். அந்த வண்டியில் பெட்ரோல் தொட்டியே அதன் அடியில்தான். மூடியைச் சுற்றி ஈரம் பளபளத்தது. மூடிக்குள் இருந்த தக்கை வளையம் காய்ந்து, தொட்டதும் துண்டுதுண்டாக உதிர்ந்தது. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் பெட்ரோல் தளும்பி வெளியே வந்து மெத்தையில் ஊறியிருக்கிறது. மெத்தையின் அடிப்புறம் கறுத்து நனைந்து கிடந்தது.

"இதுமேல உட்கார்ந்துண்டா தினமும் சிகரெட் பிடிச்சேள்?" என்று கத்திவிட்டேன்.

"சிகரெட்டா? யாருடா பிடிக்கறது?" என்று பின்னால் மாமியார் குரல். அவர் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வந்திருந்தார். என் கணவர் கையில் மெத்தையோடு அப்படியே நின்றார். அம்மா ஒரு வாரம் பிள்ளையோடு பேசவில்லை.

ராயப்பேட்டையிலிருந்து ஆசனம் தைக்கும் பாய் வந்து மெத்தையைப் பிரித்தார்.

"இன்னா சாமி, நாரு பூரா பெட்ரோலு குடிச்சிக்கினு கீது! ஒரு பொறி பட்டா போதும், அவ்ளோதான்" என்றார். பழைய நாரை எறிந்துவிட்டு, சட்டத்தை வெயிலில் காயவைத்து, புது நார் அடைத்துத் தைத்தார். மூடிக்கும் அளவாகத் தோலில் ஒரு வளையம் வெட்டிக் கொடுத்தார். என் கணவர் தொட்டியின் வாயைச் சுரண்டித் துடைத்து அதைப் பொருத்தினார். பிறகு தொட்டியை நிரப்பி, மூடியைச் சுற்றிக் காகிதம் பரப்பி, குண்டும் குழியுமான தெருவாகப் பார்த்து ஓட்டிவிட்டு வந்தார். காகிதம் நனையவில்லை.

அப்புறம்தான் மாமியார் வந்தார். தாமே ஏறி முன் ஆசனத்தில் உட்கார்ந்து, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லை. பாவம், இவ சொன்னதை மசக்கைன்னுட்டேன். போயிட்டு வாங்கோ. இருட்டறதுக்குள்ள வந்துடணும்" என்றார்.

அன்று என் கணவர் வழக்கமான அடையாறு வழியை விட்டு, வேண்டுமென்றே தியாகராய நகர் பக்கம் திருப்பினார். ஏரியாக இருந்த இடத்தில் புதுத் தெருக்கள் போட்டிருந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வீடுகள். மற்றபடி வெறும் மண், மேலே அகலமான வானம். வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே, "நாம கட்டறதா இருந்தா எந்த மூலை வேணும்?" என்று கேட்டார். ஒரு வேப்பமரம் நின்ற மனையைக் காட்டினேன். மாடியில் ஊஞ்சல் வேண்டும் என்றேன். குழந்தைக்குத் தனி அறை என்றார் அவர். ஜன்னல்கள் எந்தப் பக்கம் என்று சண்டைகூடப் போட்டுக்கொண்டோம். அந்த மனையை நாங்கள் வாங்கவேயில்லை. ஆனால் எத்தனையோ வருஷம் சேர்ந்து வாழ்ந்ததில், அந்த வேப்பமரத்துக்கு எதிரே வண்டியை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் எனக்கு இன்னும் நேற்று மாதிரி இருக்கிறது.