பின்னணியில் பெருகிய சீர்த்தட்டுகள்

ஒரு படத்தில் இருப்பதை அழிக்காமல், இடம் மாற்றாமல், வெறுமனே மங்கலாக்கினால் அது பொய் சொன்னதாகுமா? மகளின் காதுகுத்து முடிந்ததிலிருந்து இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை தெரியவில்லை. காலையில் எழுந்ததும் இல்லை என்று தோன்றுகிறது. நகரியிலிருந்து மாமியாரின் போன் வந்ததும் ஆமாம் என்று தோன்றுகிறது.

நாங்கள் திருப்பதியில் குடியிருக்கிறோம். கணவருக்கு வரதய்யபாளையம் பக்கம் ஃபேக்டரியில் வேலை. அவருடைய வீடு நகரி. அங்கே மாமனார் பவர்லூம் ஓட்டுகிறார். நான் பிறந்து வளர்ந்தது சித்தூர். என் தம்பி பலமனேர் மார்க்கெட்டில் தக்காளி வியாபாரம் செய்கிறான்.

மலையில் மகளுக்கு மொட்டை போட்டுவிட்டு, கீழே இறங்கி ஒரு சத்திரத்தில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அந்தத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். எங்கள் பக்கத்தில் சீரில் என்ன இருந்தது என்று யாரும் முதலில் கேட்பதில்லை. எத்தனை தட்டு என்றுதான் கேட்பார்கள். வராதவர்கள் போட்டோவைக் கேட்டு வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு தட்டாகத் தொட்டு எண்ணுவார்கள். மாமியார் வீட்டில் என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்ததே அப்படித்தான். அதில் என் முகத்தை யாராவது பார்த்தார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

தம்பி கொண்டுவந்தது ஐந்து தட்டு. வாழைப்பழம், தேங்காய், லட்டு, குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, கண்ணாடி வளையல். அந்த மாதம் தக்காளியைக் கேட்க நாதியில்லை. கிரேட் கிரேட்டாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். சத்திரத்து வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அவன் முகம் சரியில்லை.

“அக்கா, இவ்ளோதான் முடிஞ்சிது. கோச்சிக்காத.”

“டேய், நீ மடிய கொண்டாந்தா போதும். உள்ள வா.”

சொல்லிவிட்டேன். ஆனால் நகரிக்கு ஐந்து போதாது. நகரியில் மாமியார் தெருவில் ஒரு மருமகள் இருக்கிறார். அவருக்கே இப்போது மருமகள் வந்தாகிவிட்டது. இன்னும் அவருக்கு ‘மூணு தட்டுக்காரி’ என்றுதான் பெயர். பெயர் வைத்தது என் மாமியார்.

நல்லவேளை, மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் வரமுடியவில்லை. அவருக்குத் துணையாக என் ஓரகத்தியும் நகரியிலேயே இருந்துவிட்டார். மாமனார் மட்டும் வந்தார். ஆண்கள் தட்டு எண்ணுவதில்லை. வீட்டுக்குப் போனதும் மாமியார் சீரைப் பற்றி விசாரித்தபோது, “வடை நல்லா மொறுமொறுன்னு இருந்திச்சி” என்று சொன்னாராம். அவருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

மிச்சமிருந்த ஒரே ஆபத்து போட்டோ.

எடுத்தவற்றில் உருப்படியானது ஒன்றுதான். தம்பி மடியில் மகள். சந்தனம் பூசிய மொட்டைத்தலை. அழுகைக்கு முந்தைய நொடியில் திறந்த வாய். குழந்தை அழுவதற்கு முன்பே தம்பிக்குக் கண் கலங்கியிருந்தது. அப்படிப்பட்ட படத்தில், அவர்களுக்குப் பின்னால், கண்ணாடியில் பார்ப்பதுபோல அந்த ஐந்து தட்டு. நாலு பேர் படுக்கக்கூடிய பாயில் ஒரு ஓரமாக ஐந்து தட்டு. மீதிப் பாய் காலி. அதற்கும் பின்னால் ஒரு குத்துவிளக்கு, தண்ணீருக்கு அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள், சுவரில் யாரோ கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு அவிழ்க்காத சீரியல் பல்பு.

தட்டுகளை வெட்டி எடுத்துவிட்டால் “சீரே வரலயா?” என்பார்கள். அது இன்னும் மோசம். பழத்தையும் தேங்காயையும் அழிக்க மனம் வரவில்லை, சாமிக்குக் காட்டியது. மங்கலாக்கலாம். அது எல்லோரும் செய்வதுதானே? இப்போது வரும் கல்யாண போட்டோக்களில் மணமக்களைத் தவிர உலகமே பனிமூட்டத்தில்தான் இருக்கிறது.

குழந்தை மதியம் தூங்கும் நேரத்தில் உட்கார்ந்தேன். முதலில் போனில், ஒரே பட்டனில் எல்லாம் முடியும் என்ற ஆப். பட்டனைத் தட்டினேன். பின்னணி கரைந்தது. கூடவே குழந்தையின் காதும் கரைந்தது. காதுகுத்துப் படத்தில் காது இல்லை. தம்பியின் முழங்கை புகையாகப் போயிருந்தது. மொட்டையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு வேறு. கத்தரித்து ஒட்டிய மாதிரி இருந்தது.

கணவர் எட்டிப் பார்த்தார். “கொழந்தயயும் சேத்து ப்ளர் பண்ணிடு. எல்லாம் சமமாயிடும்.”

“நீங்க போயி டீ போடுங்க.”

இந்தப் படம் போகப்போவது நெசவு வீட்டுக்கு. ஓடுகிற தறியில் ஒரு இழை அறுந்தால் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுக்கிறவர் என் மாமியார். ஒட்டுப்போட்ட படத்தை நம்பமாட்டார். மங்கல் கேமராவிலேயே விழுந்ததுபோல இருக்கவேண்டும். பழைய லேப்டாப்பில் எடிட்டிங் சாஃப்ட்வேரைப் போட்டு, தெலுங்கு வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் ஒவ்வொன்றுக்கும் “ஸ்லோகா, ஸ்லோகா பெஞ்சண்டி” என்றார். மெதுவாகத்தான் கூட்டவேண்டுமாம்.

எனக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். உண்மையான கேமரா பின்னணி முழுவதையும் ஒரே மாதிரி மங்கலாக்காது. தம்பி உட்கார்ந்திருந்த இடத்தில் பாய் தெளிவாக இருக்கவேண்டும். பின்னால் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவேண்டும். ஆகவே எது கிட்டே, எது தூரம் என்று நானே சாம்பல் நிறத்தில் வரைந்து கொடுத்தேன். மொட்டைத்தலையின் ஓரத்தைப் பெரிதாக்கி, தூரிகையால் வெள்ளைக் கோட்டை எடுத்தேன். காதைத் திரும்பக் கொண்டுவந்தேன், அப்போதுதான் குத்திய தோட்டோடு. மங்கலான இடம் மட்டும் மழமழவென்று இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், போன் படத்தில் இருக்குமே ஒரு சொரசொரப்பு, அதைப் பின்னணியின் மேல் லேசாகத் தூவினேன். ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிற அளவு.

கடைசியாக ஒன்று சொன்னார் அந்த வீடியோக்காரர். நல்ல லென்சில் பின்னணியில் இருக்கும் ஒளிப்புள்ளிகள் மங்கும்போது வட்டம் வட்டமாக மலரும். அது இருந்தால்தான் நிஜம்போல இருக்கும். அதற்கு ஒரு ஸ்லைடர் இருந்தது. தள்ளினேன். தட்டுகளின் விளிம்பில் மின்னியதெல்லாம் தங்க வட்டமாக விரிந்தது. அழகாக இருந்தது. குழந்தை எழுந்துவிட்டாள். அவசரமாகக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டுத் தூளியை ஆட்டப் போனேன்.

முதலில் தம்பிதான் கூப்பிட்டான்.

“அக்கா, நானு அஞ்சு தட்டுதான கொண்டாந்தேன்?”

“ஆமா. ஏன்?”

“போட்டோல சந்தையே இருக்குது.”

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். தட்டுகள் மட்டும் மலரவில்லை. அடுக்கியிருந்த டம்ளர்கள், குத்துவிளக்கு, சீரியல் பல்பு எல்லாமே மலர்ந்திருந்தன. எல்லாம் ஒரே தங்க நிறம். எது தட்டு, எது டம்ளர் என்று எடுத்த எனக்கே தெரியவில்லை. பாயில் காலி இடமே இல்லை.

“டேய், யாருக்கும் காட்டாத.”

“ஸ்டேட்டஸ்ல போட்டுட்டேனே.”

சாயங்காலம் மாமியார் வீடியோ காலில் வந்தார். காலை நீட்டிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கியிருந்தார்.

“இன்னாமா, கொழந்த பளிச்சினு இருக்குது, பின்னாடி எல்லாம் மஞ்சு உழுந்தாப்புல இருக்குது?”

“போன் அப்பிடித்தான் எடுக்குது அத்தை. கிட்ட இருக்கறதுதான் தெளிவா உழும்.”

“கொழந்தய மட்டும் பாத்தா ஆச்சா? தட்டயும் பாக்கணும்னு அந்த போனாண்ட சொல்லு.” பிறகு குரல் இறங்கியது. “ஒந்தம்பி பரவால்லமா. தக்காளி இந்த வெல விக்கறப்ப கூட அக்காவ உட்டுக்குடுக்கல. சால சந்தோஷம்.”

நான் ஏதோ தலையாட்டினேன். ஐந்து என்று சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. மாமியார் என் பிறந்தவீட்டை மெச்சியது அதுதான் முதல் தடவை. ஐந்தை விழுங்கிவிட்டு, குழந்தையை எடுத்து போனில் காட்டினேன்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் ஓரகத்தியின் போன் வரும்வரைதான் நீடித்தது. அவருடைய பையனுக்கு வருகிற தை மாதம் நகரியில் காதுகுத்து. அவருடைய தம்பிக்குப் பாலசமுத்திரத்தில் கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி மாடு.

“இந்தா, பதினேழு வரைக்கும் எண்ணிக்கினு வந்தேன். அப்புறம் ஒன்னுக்குள்ள ஒன்னு பூந்துக்கிச்சி. மொத்தம் எத்தினி?”

“சரியா ஞாபகம் இல்லக்கா.”

“ஞாபகம் இல்லாத அளவுக்கா? அடியம்மா!” பிறகு விஷயத்துக்கு வந்தார். “அத்தை இன்னிக்கி காத்தாலேர்ந்து ஒம்போட்டோவதான் பாத்துக்கினு இருக்குது. ‘சின்னவ தம்பி அவ்ளோ வெச்சிருக்கான், பெரியவ தம்பி இன்னா பண்றான் பாக்கலாம்’னு சொல்லிச்சி. எந்தம்பிக்கு போன் பண்ணி சொன்னேன். அவன் இன்னா சொல்றான் தெரிமா? ‘அவ்ளோ தட்டுக்கு நான் எங்க போவேன்? மாட்ட ஓட்டிக்கினு வந்து தட்டுல ஏத்தி நிறுத்தட்டுமா’ன்றான்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“சிரி. ஒனக்கின்னா. அந்த ஒரிஜினல் போட்டோவ அனுப்பு, மங்கல் இல்லாம இருக்குமே, அது. சரியா எண்ணி, அதுல ரெண்டு கம்மியா வெக்கச் சொல்றேன். அதுக்கு மேல அவனால ஆவாது.”

ஐந்தில் இரண்டு குறைத்தால் மூன்று. நகரியில் அந்தப் பட்டம் ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது.

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் இருக்கிறேன். குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்றேன். லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்றேன். இரண்டும் உண்மைதான். ஆனால் அவர் நல்லவர். என் பிரசவத்தின்போது நகரியிலிருந்து வந்து ஒரு மாதம் எனக்குச் சமைத்துப் போட்டவர். அவருடைய தம்பி மாட்டை விற்றுவிட்டுத் தட்டு வாங்கினால் அந்தப் பாவம் என் ஸ்லைடரைத்தான் சேரும்.

ஒரிஜினலை அனுப்பலாம். அனுப்பினால் அது மாமியாரிடம் போகாமல் இருக்காது. ஒரே வீடு, ஒரே போன் சார்ஜர். என் தம்பி நகரிப் பக்கமே தலைகாட்டமாட்டான். ஸ்டேட்டஸ் வேறு போட்டுத் தொலைத்திருக்கிறான்.

ஒரு யோசனை தோன்றியது. ஓரகத்தியிடம் ரகசியமாக உண்மையைச் சொல்லிவிட்டு, அவருடைய தம்பியையும் ஐந்து தட்டே கொண்டுவரச் சொல்வது. பின்னால் நிறைய டம்ளர், இரண்டு குத்துவிளக்கு, சீரியல் பல்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். இதைக் கணவரிடம் சொன்னபோது அவர் முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார். பிறகு சொன்னார்: “எல்லாம் சரி. அம்மா கால் சரியாயிடுச்சி. இப்ப எழுந்து நடக்கறாங்க. காதுகுத்துல முன்னாடி வரிசைல அவங்கதான்.”

மாமியாரின் கண்ணுக்கு எந்த சாஃப்ட்வேரிலும் ஸ்லைடர் கிடையாது.

நேற்று ஓரகத்தி மறுபடி கேட்டார். நாளைக்கு அனுப்புகிறேன் என்றேன். இதைப் படிக்கிறவர்களில் மருமகள்கள் இருப்பீர்கள், ஓரகத்திகள் இருப்பீர்கள், தட்டு சுமந்த தாய்மாமன்கள் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். ஐந்து என்று மாமியாரிடம் நானே சொல்லிவிடுவதா, ஓரகத்தியிடம் மட்டும் சொல்வதா, அல்லது இருவரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்து இரண்டு படங்களையும் காட்டிவிடுவதா? தம்பிக்குப் பட்டம் விழாமலும் பாலசமுத்திரத்து மாடுகள் கொட்டகையிலேயே இருக்கும்படியும் உங்களுக்கு ஒரு வழி தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள். தை பிறப்பதற்கு முன் வந்தால் நல்லது.