மூடி இல்லாத பேனா

சித்திக்கு ஒரு பழக்கம். மரத்தில் செய்த எதைப் பார்த்தாலும் கட்டைவிரலை நாக்கில் தொட்டு அதன்மேல் ஒரு தேய்ப்புத் தேய்ப்பாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து டாக்டர் வீட்டு மேசை, பஸ் நிலையத்துப் பெஞ்சு, சொந்தக்காரர் வீட்டுக் கதவு எதுவும் அவளிடமிருந்து தப்பியதில்லை. ஈரம் பட்ட இடத்தில் மரத்தின் ரேகை பளிச்சென்று எழுந்து வரும். மெருகு போட்டால் எப்படி இருக்கும் என்று அது காய்வதற்குள் பார்த்துவிடுவாள். "மரம் நல்ல மரம்தான். செஞ்சவனுக்குத்தான் கண்ணு இல்ல" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

பஸ் ஓட்டும் சித்தப்பாவுக்கு இதில் மானப் பிரச்சினை. "உன்னை ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா, மேசை நாற்காலியை எல்லாம் ஒளிச்சு வைக்கச் சொல்லி முன்கூட்டியே போன் போடணும்" என்பார்.

நாற்காலி செய்யும் பட்டறையில் வெகுகாலம் கால்களைக் கடைந்தவள் சித்தி. "இத்தனை கால் கடைஞ்சேனே, ஒருத்தராவது குனிஞ்சு பார்த்தாங்களா? எல்லாரும் மேல ஏறி உக்காந்துட்டாங்க" என்று சொல்லி ஒருநாள் வேலையை விட்டாள். பட்டறையில் கழித்துப்போட்ட சின்னக் கடைசல் மெஷின் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் வைத்தாள். அன்றிலிருந்து பேனாதான். கையில் வைத்துக்கொண்டு பார்த்தே ஆக வேண்டிய பொருள் அல்லவா!

ஒரே பலகையிலிருந்து ஒன்றுக்கொன்று ஒட்டாத முகங்களோடு பேனாக்கள் வரும் என்பது எனக்கு அவளால் தெரிந்தது. ரேகை ஓடும் திசையிலேயே வெட்டிக் கடைந்தால் கோடுகள் பேனாவின் நீளத்துக்கு அமைதியாக ஓடும். குறுக்கே வெட்டினால் வளையல் அடுக்கியதுபோல் சுற்றி நிற்கும். பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் கடையும்போது உளி பட்டாலே சில்லு தெறிக்கும். சாய்வாக வெட்டினால் கோடுகள் வளைந்து வளைந்து போகும். உருட்ட உருட்ட வேறு முகம் காட்டும். சித்தி ஆளைப் பார்த்துத்தான் திசையை முடிவு செய்வாள். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியாருக்கு நேர். சித்தப்பாவுக்குக் குறுக்கு. "இவரும் தொட்டாத் தெறிப்பாரு. பொருத்தம்தானே?"

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேலை கிடைத்ததும், "முதல் கையெழுத்து என் பேனாவுலதான்" என்று சாப்பாட்டுக்கு நடுவில் எல்லோர் முன்னாலும் சித்தி சொல்லிவிட்டாள். மரமும் முடிவாகியிருந்தது. தையல்காரியான என் அம்மா என்னைப் படிக்கவைத்தது எந்த மேசையில் துணி வெட்டியோ, அந்த மேசையின் பலகை. புது மேசை வந்தபோது பழையதைச் சித்தி எடுத்துப் போயிருந்தாள். ஆணி ஓட்டையும் வெடிப்பும் போக, அதில் உருப்படியாகத் தேறியது உள்ளங்கை அளவு. ஒரு பேனாவுக்குத்தான் வரும். தவறினால் வேறு துண்டு கிடையாது. திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, சித்தி பலகையை வெட்ட எடுத்தபோது அம்மாவும் சாமான் அறைக்கு வந்து நின்றாள். அதுதான் வினை.

"நேரா வெட்டுடி" என்றாள் அம்மா. "துணியில நூல் ஓடுற பக்கம் வெட்டினாத்தான் துவைச்சாலும் கோணாது."

"பேனாவை யாரு துவைக்கப் போறா, அக்கா?"

"எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணாமா? பிள்ளை நேரா போகட்டும்."

"உன் பொண்ணு நேரா போற ஆளா? படிப்பையே பாதியில மாத்தினவ. சாய்வுதான் இவளுக்கு."

"அது உன் புத்தி ஒட்டிக்கிட்டது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நேர்முகத் தேர்விலும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எந்தத் திசையில் போக நினைக்கிறீர்கள்? அங்கே மனப்பாடம் செய்திருந்த பதிலைச் சொல்லித் தப்பித்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று இவர்கள் இரண்டு பேருக்கும் அத்தனை உறுதியாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

"ரெண்டுமே ஓகேதான்" என்றேன்.

"ஓகேயா!" என்று இருவரும் ஒரே குரலில் பாய்ந்தார்கள். அன்றைக்கு அக்காவும் தங்கையும் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

கடைசியில் சித்தி சாய்வாகவே வெட்டினாள். உடலுக்கு ஒரு துண்டு, மூடிக்கு ஒரு துண்டு. மூடி போட்ட பிறகும் கோடுகள் அறுபடாமல் ஓட வேண்டுமே. அதற்காக, அறுப்பதற்கு முன்பே இரண்டு துண்டுகளும் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தாள். கடையும்போது அந்த முனைகள்தான் ஒன்றையொன்று பார்க்க வேண்டும்.

உடலை அவள் கடைந்துகொண்டிருந்தபோது, அம்மா வாயால் வாதாடிக்கொண்டே மூடித் துண்டைக் கையில் எடுத்தாள். துணி வெட்டி முடித்ததும் சாக்பீஸ் கோட்டைத் தட்டிவிடுவது அம்மாவின் கைப்பழக்கம். அதே பழக்கத்தில் பென்சில் கோட்டையும் முந்தானையால் அழுத்தித் தேய்த்துத் துடைத்து, துண்டைப் பூப்போல எடுத்து வைத்தாள்.

கோடு இல்லாவிட்டாலும் சித்தி எச்சில் தொட்டுப் பார்த்திருந்தால் எந்த முனை எது என்று தெரிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு நாக்குக்கு வேறு வேலை இருந்தது. "கோணல் கோணல்ங்கிறியே, ஆறு நேராவா ஓடுது?" என்று கேட்டுக்கொண்டே துண்டை மெஷினில் மாட்டினாள்.

மெருகு போட்டு முடித்து மூடியைப் பொருத்தினாள். உடலில் கருங்கோடு ஒன்று அழகாக வளைந்து ஏறி வந்தது. அது போய்ச் சேர வேண்டிய இடத்தில், மூடியில் வெறும் வெளுப்பு. சித்தி மூடியைத் திருகிப் பார்த்தாள். சாய்வு பொருந்திய இடத்தில் கோடு பொருந்தவில்லை. முனை மாறிவிட்டது. திருப்பி மாட்டலாம் என்றால், ஒரு பக்கம் ஏற்கெனவே குவிந்து மூடியின் கொண்டையாகிவிட்டது.

"பென்சில் கோடு எங்க, அக்கா?"

"அழுக்கா இருந்துச்சேன்னு துடைச்சேன்..." அம்மாவின் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

சித்தி திட்டவில்லை. மூடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சித்தி, பரவாயில்ல, குடு. யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்த்துட்டேனே. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாம நிக்குது. இது வெளிய போகாது."

"அப்ப மூடி?"

"பாக்கி. தர்றேன்டி. எங்க ஓடிடப் போறேன்?"

அம்மா சித்தி வீட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்து, மூடிக்குப் பதிலாக ஒரு துணி உறை தைத்துக் கொடுத்தாள். சித்தி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, இது கிராஸ்ல வெட்டினதுதானே? சாய்வா?"

"நேரா வெட்டினா இழுத்துப் பிடிக்காதுடி. பேனா நழுவிடும்" என்றாள் அம்மா, எங்கேயோ பார்த்துக்கொண்டு. சித்தி சிரித்த சிரிப்பில் சாமான் அறைத் தூள் எல்லாம் எழும்பியிருக்கும்.

மறுநாள் அந்தப் பேனாவில்தான் கையெழுத்துப் போட்டேன். எதிரே இருந்தவர், "மூடி தொலைஞ்சிடுச்சா?" என்றார். "இன்னும் வரல சார்" என்றேன்.

இன்னமும் வரவில்லை. கேட்டால், "அதே மரம் வேணுமே" என்கிறாள். வேறு மரத்தில் செய்யச் சொன்னால், சொல்லக் கூடாததைச் சொன்னதுபோல் முறைக்கிறாள். அம்மாவின் புது மேசையும் அதே ஜாதி மரம்தானாம். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சித்தி பேச்சுவாக்கில் அதன் ஓரத்துக்கு நகர்ந்து, கட்டைவிரலை நாக்கில் தொடுகிறாள். அவள் விரலில் ஒன்று போட அம்மா ஸ்கேலை எடுக்கிறாள்.