அக்கா வரைந்த முதுகு

அக்கா ஓவியக் கல்லூரிக்கு முயற்சி செய்யப் போகிறாள் என்று முடிவான அன்றே, எங்கள் மலையூரான கொட்டச்சேட்டில் அந்தச் செய்தி தெரியாதவர்கள் யாரும் இருக்கக் கூடாது என்று நானும் முடிவு செய்துவிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பஸ் கண்டக்டரிடம் சொன்னேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் சொன்னேன். மிளகு வாங்க வந்த வியாபாரியிடமும் சொன்னேன். "படம் போடறக்குக் கூடவா காலேஜு?" என்று அவர் கேட்டார். அம்மாவின் அண்ணனான மாமாவும் அதையேதான் கேட்டிருந்தார். அக்காவை டீச்சர் டிரெயினிங்கில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவருடைய கட்சி. அப்பா, "ஒரு தடவ போயிப் பாக்கட்டுமுங்க. கெடைக்கலீன்னா நீங்க சொல்றபடியே செஞ்சுக்கலாம்," என்று மாமாவிடம் தவணை வாங்கி வைத்திருந்தார். ஆக, அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு தடவைதான்.

என்னென்ன வேண்டும் என்று ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் சொல்லி அனுப்பினார். அதுவரை வரைந்ததில் நல்ல படங்களாகப் பொறுக்கிச் சென்னைக்கு எடுத்துப் போக வேண்டுமாம். அதற்குப் போர்ட்ஃபோலியோ என்று பெயராம். எங்கள் வீட்டில் அது படக்கட்டு ஆயிற்று. பானை, பலாப்பழம், பாறை, சில்வர் ஓக் மரம் எல்லாம் அக்காவிடம் ஏற்கெனவே இருந்தன. மனிதர்கள்தான் இல்லை. மனிதர்களை நேரில் பார்த்து வரையாமல் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மனிதன் வேண்டும் என்றதும் அப்பா தானாக முன்வந்தார். ஏற்காட்டுக்குப் போய் முடி வெட்டி, மீசையை ஒதுக்கிக்கொண்டு வந்தார். கல்யாணங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டவர் கடைசி வரை வெளியே விடவில்லை. அக்கா வரைந்து முடித்தபோது தேர்தலில் நிற்கிறவர் போல இருந்தார். எங்கள் எல்லோருக்கும் அந்தப் படம் மிகவும் பிடித்திருந்தது. மாஸ்டர்தான் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவரு போட்டோவுக்கு உக்காந்திருக்காரு. வேல செய்யறப்பப் போடு கண்ணு," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அக்கா தோட்டத்துக்குப் போனாள். அங்கேயும் சிக்கல்தான். பென்சிலைக் கண்டதும் அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு விறைத்து நின்றுவிடுவார். "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்கப்பா," என்று அக்கா கெஞ்சினால், வேலை பார்ப்பவர் போல விறைத்து நிற்பார். வேறு வழியில்லாமல் அக்கா அவருக்குப் பின்னால் போய் ஓசைப்படாமல் உட்கார ஆரம்பித்தாள். அவர் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அவ்வளவு பெரிய பொறுப்பை அதற்கு முன் யாரும் என்னிடம் கொடுத்ததில்லை. நான் அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டு கேள்வியாகக் கேட்டேன். மலையேறி வர அடிவாரம் ரோடு முதலில் போட்டார்களா, குப்பனூர் ரோடா? கரடிக்குக் காப்பிப் பழம் பிடிக்குமா? மிளகுக்கொடிக்கு மரம் ஏற யார் சொல்லிக்கொடுத்தது? எவ்வளவு மடத்தனமான கேள்வியானாலும் அப்பா பதில் சொல்லாமல் விடமாட்டார். கொத்திக்கொண்டே சொல்வார், ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டே சொல்வார், மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டும் சொல்வார். பின்னால் அக்காவின் பென்சில் ஓடும் சத்தம் எனக்குக் கேட்கும். படம் போடுவது அக்காதான் என்றாலும் படம் வருவது என்னால்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். அதையும் கண்டக்டரிடம் சொன்னேன்.

சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. படங்கள் நனையாமல் இருக்க, உர மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையைக் கழுவித் துடைத்து அப்பா எடுத்து வந்தார். கட்டுவதற்கு முன் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏணியில் ஒரு முதுகு. மூட்டைக்கு அடியில் ஒரு முதுகு. களத்தில் குனிந்து மிளகு பரப்பும் முதுகு. எல்லாவற்றிலும் வலது தோள் இடது தோளைவிடக் கீழே இறங்கியிருந்தது.

"இது ஆரு?" என்றார்.

"நீங்கதானுங்கப்பா."

"என்ற முதுகு இப்படிக் கோணலாவா இருக்குது?"

அம்மா எட்டிப் பார்த்தாள். "மூட்ட தூக்கித் தூக்கி அப்படித்தானுங்க ஆயிப்போச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. தன் முதுகை அவர் எங்கே பார்த்திருக்கிறார்? படங்களை மறுபடியும் முதலிலிருந்து புரட்டிவிட்டு மெதுவாகக் கேட்டார். "என்ற மூஞ்சியக் காட்டறக்குக் கூச்சமா இருக்குதா சாமி?"

அக்கா பதறிப்போனாள். "அய்யோ, இல்லீங்கப்பா. நான் பாக்கறன்னு தெரிஞ்சா நீங்க வேற ஆளா ஆயிடறீங்க. அதனாலதானுங்க."

அப்பா தலையை ஆட்டினார். ஆனாலும் வெள்ளைச் சட்டைப் படத்தைத் தேடி எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கட்டினார். அக்கா தடுக்கவில்லை.

அழுது அடம்பிடித்து நானும் அக்காவோடும் அப்பாவோடும் சென்னைக்குப் போனேன். கல்லூரித் தாழ்வாரத்தில் நின்ற மற்றப் பிள்ளைகள் ஜிப் வைத்த கறுப்புப் பைகளில் படம் கொண்டுவந்திருந்தார்கள். எங்களுடையதில் மட்டும்தான் ஒரு பொட்டு மழைகூட இறங்காது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். அக்காவைக் கூப்பிட்டதும் நானும் அப்பாவும் ஜன்னலோரம் நின்று உள்ளே பார்த்தோம். மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த நரைத்த தலை அம்மாள் கட்டைப் பிரித்து, வெள்ளைச் சட்டைப் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளி வைத்தார். அப்பா அதைப் பார்த்தார். "தண்ணி குடிச்சுட்டு வாரேன் கண்ணு," என்று சொல்லித் தாழ்வாரத்தின் கோடியில் இருந்த குழாயை நோக்கிப் போய்விட்டார்.

முதுகுப் படங்களுக்கு வந்ததும் அந்த அம்மாளின் கை நிதானமாயிற்று. மற்ற இருவரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள்.

"யாரும்மா இது?"

"எங்கப்பாங்க."

"ஒன்றில்கூட முகம் இல்லையே?"

அக்கா தலை நிமிர்ந்தே சொன்னாள். "முன்னால நின்னா அவரு வேற யாரோ ஆயிடறாருங்க. இதுதானுங்க எங்கப்பா."

அந்த அம்மாள் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தாழ்வாரம் முழுக்க அப்பாக்கள். பாதிப் பேர் வெள்ளைச் சட்டை. குழாயடியில் நாலைந்து பேர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். படத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "அந்தத் துண்டு போட்டவர்தானே?" என்றார்.

அக்காவை முந்திக்கொண்டு நான் ஆமாம் என்று கத்தினேன். அவர் உள்ளே இருந்த இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். அப்பா எதுவும் தெரியாமல் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பலகையில் ஒட்டிய தாளில் அக்காவின் பெயர் இருந்தது. அப்பா விரலை வைத்து அதை இரண்டு தரம் படித்தார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், "என்ற புள்ளைங்க," என்றார்.

வெளியே வந்து ரோட்டில் நடக்கும்போதுதான் அக்கா அவரிடம் சொன்னாள். "அத்தன பேருல உங்க முதுகப் பாத்தே கண்டுபுடிச்சுட்டாங்கப்பா."

அப்பா அக்காவின் கையிலிருந்து படக்கட்டை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. முகத்தை ஒதுக்கிவிட்டார்கள் என்ற கோபம் அவருக்கு இன்னும் போகவில்லை என்று நான் நினைத்தேன். கேள்வி கேட்டு அவரை வழிக்குக் கொண்டுவரத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. அவருக்கு முன்னால் போய்விடலாம் என்று ஓடப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடு கண்ணு. அப்பா முன்னாலயே போகட்டும்."

சீட்டு கிடைத்த நாளும் அதுவுமாகக் கோபமாக இருக்கும் அப்பாவைச் சமாதானம் செய்யாமல், அவள் ஏன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறாள் என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.