ஆக்கிரமிப்பு என்று நான் போட்ட புகார்

தாராவியில் எங்கள் சந்தின் கட்டர், அதாவது சாக்கடை, அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வரை நாறியது. முன்பென்றால் மராத்தி எழுதத் தெரிந்த யாரிடமாவது ஒரு காகிதம் எழுதி வாங்கி வார்டு ஆபீசில் கொடுப்போம். அங்கிருந்து ஒரு மேஸ்திரி வருவார், டீ குடிப்பார். கட்டரைப் பார்ப்பார், மற்றதைப் பார்க்காத மாதிரி போய்விடுவார். இப்போது எல்லாம் போனில், மாநகராட்சி ஆப்பில்தான்.

சந்தில் எனக்குத்தான் அது கைவரும் என்று எனக்கொரு மிதப்பு. 'கட்டர் அடைப்பு' என்று மூன்று முறை போட்டேன். ஒருவரும் வராமலே மூன்று முறையும் 'தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. எரிச்சல் தலைக்கேறியது. "ஆக்கிரமிப்புன்னு போடு, ஓடி வருவான்" என்றான் என்னோடு வேலை பார்க்கும் நண்பன். போட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா கட்டரின் மேல் கடப்பைக் கல் பரப்பி, அதில் அடுப்பு வைத்து இட்லி அவிப்பாள். அவள் வீட்டுக்காரர் சைக்கிளில் சயான் பக்கம் கொண்டுபோய் விற்பார். அந்தக் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது. அந்தக் கல் புகாரோடு நான் அனுப்பிய போட்டோவில் விழுந்துவிட்டது. விழுந்தது என்ன விழுந்தது, நன்றாகத் தெரியட்டும் என்று நான்தான் இரண்டடி பின்னால் போய் எடுத்தேன். சும்மா மிரட்டிவிட்டுக் கட்டரைச் சுத்தம் செய்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாளே வந்தார்கள். கல்லை உடைத்தார்கள், அடுப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உடைந்த துண்டுகள் கட்டருக்குள்ளேயே கிடந்தன, நாற்றம் கூடிவிட்டது. சாயங்காலம் ஆப்பில் படத்தோடு 'தீர்க்கப்பட்டது' வந்தது. படத்தின் ஓரத்தில் அக்கா இட்லிக் கொப்பரையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கீழே, எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள் என்று கேட்டிருந்தது.

மறுநாள் அக்கா என்னைத் தேடி வந்தாள்.

"தம்பி, நீ படிச்ச புள்ள. எவன் போட்டாம்னு அந்தப் போன்ல கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

"பேரெல்லாம் காட்டாதுக்கா."

காட்டியது. புகார் தந்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டேன். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது.

"நம்ம சந்துக்காரவ யாரும் இப்பிடிச் செய்ய மாட்டாவ. வெளியாளாத்தான் இருக்கும், என்ன தம்பி?" என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாக்கா, வெளியாளுதான்" என்றேன்.