அந்த வரியை நீக்கியது தேவி அல்ல

தேவி இறந்துவிட்டார். காலையில் அவருடைய தம்பி போன் செய்தார். மஞ்சள் காமாலை... முப்பத்தாறு வயது.

நந்தனம் அலுவலகத்தில் எங்கள் பத்திரிகையின் இணையதளத்தை ஓட்டியவர். அடையாற்றுக் கரையிலிருந்து ஊருக்கு வெளியே மாற்றப்பட்ட குடும்பம். இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவார்.

ஒருநாள், தளம் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரியைக் காட்டினார். தளத்தை இயக்கும் நோட் (Node) மென்பொருளின் 18, 20 வெர்ஷன்களில் மட்டும்தான் தளம் ஓடும், வேறு எதிலும் இன்ஸ்டால் ஆகக் கூடாது என்று அதில் எழுதியிருந்தார்.

"இவ்ளோ கறார் எதுக்கு தேவி?"

"நான் ஓட்டிப் பாத்தது இந்த ரெண்டுதான் சார். பாக்காததுக்கு இன்னா கேரண்டி குடுக்கறது? நீங்க பாக்காதத எழுதுவீங்களா?"

பிறகு நிர்வாகம் சர்வர் பராமரிப்பை ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியிடம் கொடுத்தது. அவர்கள் நோட்டின் புதிய வெர்ஷனைப் போட்டார்கள். அந்த வரி தடுத்தது. தடுக்கத்தான் அது இருந்தது.

தேவி லீவில் இருந்த நாளில் அந்த வரியை நீக்கிவிட்டுத் தளத்தை ஏற்றினார்கள்.

மறுநாள் பெருமழை. நிவாரண முகாம் பட்டியல் இருந்த பக்கம், புதிய வெர்ஷனில் ஓடாமல், மதியம் வரை வெறும் வெள்ளைத் திரை. தேவியின் அம்மா எனக்குப் போன் செய்தார்: "எந்த ஸ்கூலுக்குப் போறது சார்? உங்க பேப்பர்ல ஒண்ணுமே வரலியே?"

மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார்: "நீங்க எழுதுன கோடிங்தானேம்மா?"

"கோடிங் என்னுது சார். அந்த லைன நான் எடுக்கல. யாரு எத மாத்தனாலும் ஹிஸ்டரில பதிவாகும்; எடுத்தவங்க பேரு அதுல கீது, தொறந்து பாருங்க."

"பேச்ச வளக்காதீங்க."

யாரும் திறக்கவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். முப்பது வருடம் நிருபராக 'யார்?' என்று கேட்டுப் பிழைத்தவன்... கேட்கவில்லை.

அந்த மாதமே தேவியிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள்.

இன்று அதே மேனேஜர் ஆபீஸ் குரூப்பில் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று போட்டிருக்கிறார். கைகூப்பும் இமோஜி மூன்று.

மதியம் இணையதள டெஸ்க் நண்பர் ஒருவரை அந்த ஹிஸ்டரியைத் திறக்கச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வரி நீக்கப்பட்ட நாள், நேரம், நீக்கியவர் பெயர், எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்த ஈக்காட்டுத்தாங்கல் கம்பெனி ஆள்.

ஸ்கிரீன்ஷாட்டை அந்த மூன்று இமோஜிகளுக்குக் கீழே போட்டேன். எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

போய் வாங்க தேவி. ஒரு நிமிட வேலை... அன்றைக்கே செய்திருக்க வேண்டும்.