கரைத்துக் குடிக்க இருந்த கடதாசி

என் பிள்ளையின் சட்டையில் என் இரத்தம் இருந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன், ஈமானிய உறவுகளே. அந்தப் பயம் இன்னும் என் உடம்பை விட்டுப் போகவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. அரபு நாடொன்றில் எனக்கு ஆட்டுப்பட்டி பார்க்கும் வேலை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்திறங்கிய ஆடுகளில் உண்ணி மொய்த்துக் கிடந்தது. எங்கள் ஊர் கல்முனையில் எருமைகளுக்குச் செய்வதைத்தான் அங்கேயும் செய்தேன். பிடுங்கினேன், இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கிடையில் வைத்து நசுக்கினேன். பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் லீவில் ஊருக்குப் புறப்பட்டேன்.

விமான நிலையத்தில் ஒருவர் எல்லோர் கையிலும் ஒரு கடதாசி கொடுத்தார். அரபு எழுத்து. பலர் கீழே போட்டு மிதித்துப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. குர்ஆனின் எழுத்தல்லவா? ஒன்றை எடுத்துத் தூசு தட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வானத்தில் பறக்கும்போது அதை இராகத்தோடு ஓதியும் பார்த்தேன். சிறு வயதில் ஓதப் போன இடத்தில் எனக்கு எழுத்தைத் தந்தார்கள், பொருளைத் தரவில்லை. ஆடுகளோடு கிடந்தவனுக்குப் பேச்சரபும் நாலைந்து சொல்தான்.

வந்த நாலாம் நாள் காய்ச்சல் அடித்தது. மண்டை பிளந்தது, முதுகு முறிந்தது. மலேரியா என்றார்கள். அந்த நாளில் எங்கள் பக்கம் காய்ச்சலுக்கு வேறு பெயர் இல்லை. டிஸ்பிரின் குளிசை வாங்கி விழுங்கினேன். எங்கிருந்து வந்தாய் என்று மருந்துக்கடையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் பல் முரசில் இரத்தம். பிறகு மூக்கில். மூன்று வயது மகள் ஓடிவந்து தன் சட்டை விளிம்பால் துடைத்துவிட்டாள்.

அஸர் தொழுத மனைவி பாயைவிட்டு எழும்பவில்லை. கையேந்தி ஒன்றே ஒன்றைக் கேட்டாள். "யா அல்லாஹ், இது என்ன வருத்தமெண்டு காட்டித் தா."

பிறகு என் பெட்டியைத் திறந்து அந்தக் கடதாசியை எடுத்தாள். கரைத்து எனக்குப் புகட்டலாமென்று கோப்பையில் தண்ணீரும் எடுத்து, ஓதி ஊதித் தரும்படி தன் தம்பியைக் கூப்பிட்டாள். அவர் மௌலவி, அரபைப் பொருளோடு படித்தவர். வாங்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ராத்தா, நீங்க கரைக்கப் போறது டொக்டர்மார்ர கடதாசி."

அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார்.

"மச்சான், அங்க உண்ணி நசுக்கினீங்களா?"

ஓம் என்றேன். பிள்ளையை என் பாயிலிருந்து விலக்கச் சொன்னார். வாசலில் நின்றபடி மிச்சத்தை வாசித்தார். ஆடுமாடுகளின் உண்ணியாலும் பச்சை இரத்தத்தாலும் தொற்றும் காய்ச்சலாம், உடம்பெங்கும் இரத்தம் கசியுமாம். பயணம் போனவருக்குக் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், எங்கிருந்து வந்தேன், எதைத் தொட்டேன் என்பதை முதலில் சொல்ல வேண்டுமாம். நோயாளியின் இரத்தத்தை மற்றவர்கள் வெறுங்கையால் தொடக் கூடாதாம். டிஸ்பிரின் போன்ற குளிசை ஆகாதாம், இரத்தத்தை இன்னும் கசிய வைக்குமாம்.

தொடக் கூடாதாம். என் பிள்ளை தொட்டுவிட்டாளே.

ஆஸ்பத்திரியில் காரைதீவு டொக்டர் எங்கள் மௌலவியிடம் கடதாசியை இரண்டு தரம் கேட்டறிந்தார். என்னைத் தனியறையில் போட்டு, கையுறை இல்லாமல் யாரும் வரக் கூடாதென்றார். பிள்ளையின் சட்டையை எரித்துவிட்டு, வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வருகிறதா என்று இரண்டு கிழமை பார்க்கச் சொன்னார். "அதுதானா எண்டு பார்க்க இஞ்ச வசதியில்ல. அதுதான் எண்டு நினைச்சே பார்ப்பம்."

எழும்ப முடியாமல் கண்ணசைவால் தொழுதேன். எனக்காக ஒன்றும் கேட்க வாய் வரவில்லை. ரப்பே, அவளை விட்டுவிடு. அதையே கேட்டேன். பகலில் மனைவி முற்றத்தில் நின்று ஜன்னலுக்கு நேராகப் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். நெற்றியில் கை வைத்து, சூடில்லை என்று தலையசைப்பாள். அந்தத் தலையசைப்பில்தான் ஒவ்வொரு நாளும் உயிர் வந்தது.

இரத்தம் நின்றது. காய்ச்சல் இறங்கியது. டொக்டர் சொன்ன இரண்டு கிழமையும் கழிந்தது. மகளுக்கும் மனைவிக்கும் ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

வந்தது எந்தக் காய்ச்சல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காப்பாற்றியவன் யார் என்று தெரியும். இப்போது அந்த மௌலவி மச்சானிடம் அரபின் பொருள் படிக்கிறேன், நரைத்த தலையோடு. பயணம் போகிறவர்களே, கையேந்துங்கள், அவன் காட்டித் தருவான். காட்டித் தந்ததை வாசித்துப் பாருங்கள், டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பெரியவளாகிவிட்ட மகள், எரித்த அந்தப் பூப்போட்ட சட்டை எங்கே என்று இன்னும் பகிடியாகக் கேட்கிறாள். கேட்கட்டும். கேட்பதற்கு அவள் இருக்கிறாள்.