எழுத்தாளரின் மனைவி பேசிய வசனம்

ஆறாம் வகுப்பில் நான் பதினெட்டு நாட்கள் ஒரு பெரிய எழுத்தாளருக்கு மனைவியாக இருந்தேன்.

பள்ளி ஆண்டு விழாவுக்காக எங்கள் தமிழ் டீச்சர் எழுதிய நாடகம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏதோ ஒரு குளிர்நாட்டில் வாழ்ந்தவராம் அந்த எழுத்தாளர். அவர் கதைகளில் வரும் குடும்பங்களைப் படித்துவிட்டு ஊரே அழுமாம். அவர் வீட்டிலோ எட்டுப் பிள்ளைகள். அவர் எழுதும்போது ஒரு சத்தமும் எழாமல் பார்த்துக்கொள்வதிலேயே மனைவியின் பொழுது போனது. புகழ் வந்ததும் அவர் ஊர் ஊராகப் போய் மேடையேறித் தம் கதைகளை வாசித்துக் காட்டத் தொடங்கினார். வீட்டுக்கு வருவது குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. இதை எங்கோ படித்த டீச்சருக்குக் கோபம் வந்து, அந்தக் கோபம் ஆறுவதற்குள் கால் மணி நேர நாடகமாக எழுதிவிட்டார். எழுத்தாளரின் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. தலைமையாசிரியர் வாயிலும் நுழையாததால் அவர் மேடையில் வெறும் 'எழுத்தாளர்' ஆனார். நானும் இங்கே அப்படியே விட்டுவிடுகிறேன்.

வகுப்பிலேயே உயரமானவள்தான் எழுத்தாளர். அவளுக்குப் பஞ்சில் தாடி. இடுப்பில் பொம்மையை வைத்துக்கொண்டு விழாமல் நடக்கத் தெரிந்ததால் நான் மனைவி. என் நடிப்புத் திறமையை யாரும் சோதிக்கவில்லை.

எங்கள் வீடு திருச்செங்கோட்டில். அப்பா ரிக் வண்டியில் வேலை பார்த்தார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி. எங்கள் ஊர் வண்டிகள் பாதி இந்தியாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு மழைக்காலத்தில்தான் ஊர் திரும்பும். அந்த வருடம் அப்பா சத்தீஸ்கரில் இருந்தார். முந்தைய மழைக்காலத்தில் வண்டி பழுதாகி அங்கேயே நின்றுவிட்டதால் அவர் வரவில்லை. ஒன்றரை வருடமாகப் போனில்தான் குரல். அதுவும் சிக்னல் கிடைத்தால். "வாரேன் சாமி, நாடகத்துக்குக் கண்டிப்பா வாரேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதை அம்மாவிடம் சொன்னபோது, "ம்" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பழைய ஜன்னல் திரையை வெட்டி எனக்கு ஒரு நீள கவுன் தைத்ததும் அவள்தான். தினமும் மாலையில் அவள் மெஷினில் உட்கார்ந்தபடி எழுத்தாளரின் வசனத்தைப் படிப்பாள், நான் எதிரில் நின்று மனைவியின் வசனத்தை ஒப்பிப்பேன். எழுத்தாளர் பெட்டியோடு கிளம்பும் காட்சியில் நான் சொல்ல வேண்டியது இது: "அன்பரே, உலகக் குடும்பங்களுக்கெல்லாம் கண்ணீர் சிந்தும் தாங்கள், நம் இல்லத்தை மறந்து செல்வது நியாயமோ?"

முதல் நாளே அம்மா சிரித்துவிட்டாள். "இப்புடி எந்தூட்டுல சாமி பேசுவாங்க?"

"டீச்சர் அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"செரி, நீ அவரு பேசறதப் படி. நான் சொல்றேன் கேளு."

நோட்டு என் கைக்கு வந்தது. அம்மா மெஷினை நிறுத்தினாள். நடிப்பதற்காக எழுந்துகூட நிற்கவில்லை. ஊசிக்குக் கீழே கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"போய்ட்டு வாங்க. நான் தடுக்கலீங்க. ஆனா ரோட்டுல வண்டிச் சத்தம் கேட்டா, சோத்துல வெச்ச கையோட எந்திரிச்சு வாசலுக்கு வந்துர்றேனுங்க. நீங்க இல்லைன்னு தெரியும். தெரிஞ்சும் வந்துர்றேன்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. "நோட்டுல இது இல்லம்மா" என்றேன். "ஆமா, இல்லதான்" என்று அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். ஆனால் மறுநாளும் சொன்னாள், அதற்கு மறுநாளும் சொன்னாள். ஒவ்வொரு நாளும் அதே வார்த்தைகள், அதே வரிசையில். நான் நோட்டில் இருந்ததை விடாப்பிடியாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

விழா நாள். மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நாலு மணி வெயில் மேடை வரை வந்தது. அம்மா பச்சைச் சேலை கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். நாடகம் தொடங்கியும் அந்த நாற்காலியில் கைப்பைதான் இருந்தது.

எழுத்தாளர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் பொம்மையோடு அவர் எதிரில் போய் நின்று "அன்பரே" என்றேன். அப்போதுதான் பந்தலின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அப்பா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். கறுத்து, இளைத்து, கிரீஸ் படிந்த சட்டையோடு.

அவ்வளவுதான். நோட்டில் இருந்தது ஒரு எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை. டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து "உலகக் குடும்பங்களுக்கெல்லாம்" என்று எடுத்துக் கொடுத்ததும் காதில் ஏறவில்லை. என் வாய் தானாகத் திறந்து அம்மா சொன்னதைச் சொன்னது. போய்ட்டு வாங்க, நான் தடுக்கலீங்க என்று தொடங்கி, தெரிஞ்சும் வந்துர்றேன் என்பது வரை, ஒரு சொல் விடாமல்.

கவுன் போட்ட வெள்ளைக்காரி எங்கள் ஊர்ப் பேச்சில் பேசியதும் கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்கியது, அதைப் பார்த்து ஆண்கள் பக்கமும் அடங்கியது. எழுத்தாளர் பாவம், திரைப்பக்கம் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில், "செரி, வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு கையால் தாடியைப் பிடித்தபடி ஓடிவிட்டார்.

மறுபடி பார்த்தபோது தொட்டிக்குப் பக்கத்தில் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவும் திரும்பிப் பார்த்துவிட்டாள். பிறகு இருவரையும் காணவில்லை. நான் வசனத்தை மறந்து மானத்தை வாங்கிவிட்டேன், அதனால்தான் எழுந்து போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

நாடகம் முடிந்து கவுனைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே ஓடினேன். பள்ளி மதிலை ஒட்டி ஒரு லாரி நின்றது. புது பைப்புகளை ஏற்றிக்கொண்டு போக வந்த லாரியில் தொற்றிக்கொண்டு அப்பா வந்திருக்கிறார். பைப் ஏற்றியாகிவிட்டது. உடனே கிளம்பியாக வேண்டும், டிரைவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா அப்பாவுக்கு வெகு அருகில் நின்று, அவர் சட்டையில் பிய்ந்திருந்த பொத்தானை, போட்டிருந்த சட்டையோடேயே தைத்துக்கொண்டிருந்தாள். நூலை இழுக்கும் கை மெதுவாகப் போய் மெதுவாக வந்தது. என் நடிப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு அழுகை முட்டியது.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்பா என் தலையில் கை வைத்தார்.

"அந்த வசனத்த ஆரு சாமி உனக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

டீச்சரிடம் விழப்போகும் திட்டுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. அதற்குள் அப்பாவின் குரலில் பெருமை இருப்பதும் தெரிந்துவிட்டது. பெருமை என்றால் அது எனக்கே வேண்டும்.

"நானாத்தான் சொன்னேன்" என்றேன்.

அப்பாவின் முகத்தில் வந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று பாதியிலேயே நின்றது. சிரித்தார். "எம் மக எப்புடிப் பேசறா பாத்தியா புள்ள" என்று அம்மாவிடம் சொன்னார்.

"ஆமாங்க" என்றாள் அம்மா. ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டாள்.

லாரி கிளம்பியது. அதன் பிறகும் அப்பா பத்து வருடம் ரிக்கோடு ஓடினார். முதுகு ஒத்துழைக்காமல் போனதும்தான் வீட்டோடு வந்து தங்கினார். இப்போது இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். நான் ஊருக்குப் போனால், விருந்தாளி யார் வந்தாலும், ஆறாம் வகுப்பிலேயே மேடையில் சொந்தமாக வசனம் பேசியவள் என்று அப்பா என்னைக் காட்டிச் சொல்கிறார். அம்மா காபி கொண்டுவந்து வைக்கிறாள். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அவள் இல்லையென்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அன்று அவள் உண்மையைச் சொல்லாமல் விட்டது என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசியைக் குத்திக்கொண்ட பிறகும் அவள் இடத்தைவிட்டு நகராமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியை அவளிடமும் ஒரு முறை கேட்டுவிட மாட்டாரா என்று அவள் காத்து நின்றது, அப்போது எனக்குத் தெரியவில்லை.